மாமனார் காருக்கு அடித்தொண்டை வந்த விவரம்

அன்பும் பண்பும் அவசரமும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், தங்கள் அக்கா நலம், கார் மிக மிக நலம். அங்கே தாங்களும், தங்கள் மனைவியும், பிள்ளைகளும், தங்களுடைய புதிய காரும் அதே அளவுக்கு நலமாக இருப்பதாக நம்புகிறேன். கைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். கைபேசியில் தாங்கள் குறுக்கே பேசுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. 'தாங்கள், தாங்கள்' என்று நாலு வரி எழுதுவதற்குள் எனக்கே சிரிப்பு வருகிறது. மரியாதையை மேலேயே மொத்தமாகக் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் நீ என்றே எழுதுகிறேன், மாப்பிள்ளை.

போன மாதம் நீ வந்து உன் அப்பாவின் சாமான்களைப் பிரித்து வைத்துவிட்டுக் கிளம்பும்போது, கார் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னது உனக்கு மறந்திருக்கும். எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "இந்த வண்டில என்ன இருக்கு அத்தான்? பாட்டு போட்டா தகர டப்பாவக் குலுக்குற மாதிரி இருக்கு. அடுத்த மாசக் கடைசில ஆளோட வரேன், பிரிச்சு பார்ட் பார்ட்டா எடுத்துக்கட்டும்" என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் சரி என்று சொல்லியிருப்பேன். நீ நிறுத்தவில்லை. "உங்களுக்கு என்ன இதுமேல இவ்வளவு பாசம்? அப்பா இருந்தவரைக்கும் உங்கள ஒரு நாளாவது ஸ்டியரிங்கத் தொட விட்டாரா? உங்கள ஒரு பொருட்டா நெனச்சாரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வண்டியேறிப் போய்விட்டாய். காத்திருந்தாலும் கிடைத்திருக்காது, என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. மூன்றே மூன்று இலக்கத்தில் இருக்கிறது. முறையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் படி.

முதலில் தகர டப்பா விஷயம். உன் அப்பா நில அளவையர். ஒரு விரல் அகலம் கூடினாலும் குறைந்தாலும் விடாத மனுஷர். கார் விஷயத்திலும் அப்படித்தான். "கம்பெனிக்காரன் மாட்டினது மாட்டினபடியே இருக்கணும்" என்பார். இருபத்துநாலு வருஷம் ஆகியும் அந்த கேசட் போடும் ரேடியோவையே வைத்திருந்தார். பின்சீட்டுக்கு மேலே இரண்டு ஸ்பீக்கர், அவையும் கம்பெனி கொடுத்தவை. எனவே நான் ஒரு சபதம் எடுத்துக்கொண்டேன். ரேடியோவை மாற்றுவதில்லை, ஸ்பீக்கரை மாற்றுவதில்லை, கண்ணுக்குத் தெரிகிற ஒரு திருகாணியைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் மாசக் கடைசியில் நீ வந்து உட்காரும்போது, சீட்டுக்கு அடியிலிருந்து பாட்டு உன் முதுகெலும்பில் ஏற வேண்டும். அதற்கு டிக்கியில் ஒரு சப்வூஃபர் வைப்பது என்று முடிவு செய்தேன். மற்ற ஸ்பீக்கர்களால் முடியாத அடிக்குரலை மட்டும் பாடுகிற பெரிய பெட்டி அது. இருபத்தெட்டு வருஷம் காகித ஆலையின் உள்தொலைபேசிகளைக் கட்டி மேய்த்தவனுக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். மொத்தம் மூன்று ஞாயிற்றுக்கிழமையும், நடுவில் இருந்த எல்லாக் கிழமைகளும் ஆயிற்று.

ஸ்பீக்கர் கடைக்காரர் ஒரு பெட்டி, ஒரு ஆம்ப்ளிஃபயர், கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு வயர், தீப்பெட்டி அளவில் இன்னொரு குட்டிப் பெட்டி எல்லாம் எடுத்துக் கொடுத்தார். பழைய ரேடியோவில் ஆம்ப்ளிஃபயருக்கென்று தனி வாய் கிடையாது என்பதால், பின் ஸ்பீக்கருக்குப் போகிற வயரிலேயே கிளை எடுத்து, அந்தக் குட்டிப் பெட்டிக்குள் விட்டு, அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டு போக வேண்டும் என்று விளக்கினார். "நானே வந்து மாட்டித் தரவா சார்?" என்று கேட்டார். நான் என் உத்தியோகத்தைச் சொன்னேன். "டெலிபோன் வேற, கார் வேற சார்" என்றார். வயர் வயர்தானே என்றேன். அவர் என் பின்னால் நின்ற உன் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் புரிந்தது.

பின்சீட்டைக் கழற்றினேன். அடியில் என்னென்ன இருந்தன தெரியுமா? ஒரு அளவு நாடா, ஐந்து பென்சில், பிரிக்காத இருமல் மிட்டாய் ஒன்று, அப்புறம் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் காணாமல் போன என்னுடைய பத்தாம் நம்பர் ஸ்பேனர். "உன் வீட்டுக்காரன் பொருள நான் எதுக்குத் தொடுறேன்?" என்று அன்றைக்கு உன் அப்பா உன் அக்காவிடம் கேட்டார். எதற்குத் தொட்டார் என்று எனக்கும் தெரியவில்லை. அந்த ஸ்பேனரைத் துடைத்து அதை வைத்தே வேலையைத் தொடர்ந்தேன். பேட்டரி முன்னால், ஆம்ப்ளிஃபயர் பின்னால். சிவப்பு வயரை எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே கொண்டுவர ரப்பர் அடைப்பு போட்ட ஓட்டை ஒன்று உண்டு. அதில் ஏற்கெனவே ஏழெட்டு வயர் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. வயர் நுழையவில்லை. ஆலையில் இதற்கெல்லாம் முதலில் விறைப்பான கம்பி ஒன்றை விட்டு, அதன் வாலில் வயரைக் கட்டி இழுப்போம். விறைப்பான கம்பிக்கு வீடெல்லாம் தேடி, கடைசியில் கூடத்துத் திரைச்சீலை தொங்கும் ஸ்பிரிங் கம்பியை எடுத்தேன். திரைச்சீலையை அலமாரி மேல் சாமர்த்தியமாக முட்டுக்கொடுத்துத்தான் வைத்தேன். அது உன் அக்கா பார்த்துக்கொண்டிருந்தபோதே விழுந்தது என் தப்பில்லை. கம்பி போன வேகத்தில் ஹாரன் வயரை உரசிவிட, வண்டி தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்த ஆரம்பித்தது. நான் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தேன். அன்று முழுக்க உன் அக்கா என்னிடம் சொன்னதெல்லாம் எனக்கு வாயசைவாக மட்டுமே தெரிந்தது. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

எல்லாம் இணைத்துப் பாட்டு போட்டேன். அடிக்குரல் வரவில்லை, மாப்பிள்ளை, ஒரு ஊளைதான் வந்தது. எஞ்சின் நின்றிருந்தால் சும்மா இருக்கும். எஞ்சினைப் போட்டால் 'ஙொய்' என்று ஆரம்பிக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க உச்சஸ்தாயிக்கு ஏறும். காரணம் கண்டுபிடிக்க நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரத்தில் எதிர்வீட்டுப் பல் டாக்டர் வெள்ளைக் கோட்டோடு தெருவில் இறங்கி வந்துவிட்டார். அவர் வீட்டு முன்னறையில்தான் வைத்தியம் பார்க்கிறார் என்பது உனக்குத் தெரியும்.

"சார், தயவுசெஞ்சு நிறுத்துங்க."

"ஏன் டாக்டர், தொந்தரவா இருக்கா?"

"எனக்கில்ல சார். அந்தச் சத்தம் அப்படியே என்னோட டிரில் மாதிரி இருக்கு. வாசல் வரைக்கும் வந்த ரெண்டு பேர் திரும்பிப் போயிட்டாங்க. நாற்காலில இருந்தவரு, நான் இன்னும் வாயே தொறக்கச் சொல்லல, ஐயோங்கறாரு."

டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஸ்பீக்கர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். "எர்த் எங்க குடுத்தீங்க?" என்றார். டிக்கியில் ஒரு போல்ட்டில் என்றேன். "பெயின்ட சுரண்டினீங்களா?" என்றார். கம்பெனி அடித்த பெயின்ட்டைச் சுரண்டுவதா? மாமனார் ஆவி என்னைச் சும்மா விடுமா? "சுரண்டலேன்னா எர்த் எடுக்காது, ஊளைதான் விடும்" என்றார். அதோடு இன்னொன்றும் கேட்டார்: பின் ஸ்பீக்கர் வயரில் எது பிளஸ், எது மைனஸ் என்று பார்த்துத்தான் கிளை எடுத்தீர்களா? டெலிபோனில் இரண்டு வயரையும் மாற்றிக் கொடுத்தாலும் பேசும் என்றேன். பழைய ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது என் சப்வூஃபர் இழுத்துக்கொண்டிருக்கிறது, இரண்டும் சண்டை போட்டு அடிக்குரலைத் தின்றுவிடுகின்றன என்று விளக்கினார். "பேட்டரியக் கழட்டி வச்சுட்டு ரெண்டையும் சரி பண்ணுங்க. கழட்டாம பண்ணாதீங்க" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். சொன்னபடி பேட்டரியைக் கழற்றினேன். போல்ட்டுக்கு அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், மாமனாரிடம் மனசுக்குள் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நாணயம் அளவுக்குப் பெயின்ட்டைச் சுரண்டினேன். பிளஸ் மைனஸை மாற்றினேன். எல்லாவற்றையும் துடைத்து, பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினேன். ரேடியோ பாடவில்லை. அதன் சின்னத் திரையில் மூன்று கோடுகள் மட்டும் மின்னிக்கொண்டிருந்தன.

இங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்து ரேடியோவில் திருட்டுப் பயத்துக்காக ஒரு பூட்டு உண்டாம். வாங்கினவர் மூன்று இலக்க எண் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ரேடியோ அந்த எண்ணைக் கேட்கும், சொல்லாவிட்டால் ஊமை. பழைய மெக்கானிக்கைப் பிடித்துக் கேட்டேன். "பெரியவர் எண்ண யார்கிட்டயும் சொன்னதில்ல சார். ஒவ்வொரு தடவ பேட்டரி மாத்தும்போதும் என்ன அந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லுவாரு. போன எடுத்துப் பேசிட்டே அவரே அமுக்கிடுவாரு" என்றார். தகர டப்பாவாகவாவது பாடிக்கொண்டிருந்த வண்டி அது. இப்போது அதுவும் போய், நீ மாசக் கடைசியில் வந்து ரேடியோவைத் திருகினால் என்ன கேட்கும்? 'அப்பா உங்கள நம்பாம இருந்தது சரிதான்' என்று நீ சொல்வதுதான் கேட்கும்.

ரேடியோவில் பொத்தான் ஆறுதான். எனவே ஒன்று முதல் ஆறு வரைக்கும் உள்ள இலக்கங்கள் மட்டும். பத்து தடவை தப்பாக அமுக்கினால் ஒரு மணி நேரம் பேசாது. உன் அப்பா பாசக்காரர், பிள்ளைகள் பிறந்த நாளாகத்தான் இருக்கும் என்று இருபத்தைந்தும் மூன்றும் சேர்த்து உன்னுடையதைப் போட்டேன். இல்லை. உன் அக்காவுடையதைப் போட்டேன். அதுவும் இல்லை. என் கை தவறியிருக்குமோ என்று, நியாயமாக நடந்துகொள்ள வேண்டுமே, உன்னுடையதை இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். இல்லவே இல்லை, மாப்பிள்ளை. இதை நான் சந்தோஷத்தோடு எழுதவில்லை. வீட்டு எண்ணில் எட்டு இருக்கிறது, அவர் பிறந்த தேதியில் ஒன்பது. ஒரு மணி நேரம் காத்திருந்து, மறுபடி பத்து, மறுபடி ஒரு மணி நேரம். இதற்கு நடுவில் உன் அக்கா டீயை எடுத்துக்கொண்டு வந்து, "ஏங்க, ஒரு நிமிஷம்" என்றாள். "ஈரக் கையோட பக்கத்துல வராத, எர்த் வேல நடக்குது" என்றேன். அடுத்த மணி நேரத்தில் திரும்ப வந்து, "நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்றாள். "கணக்குல இருக்கேன், இப்ப வேணாம்" என்றேன். டீயை பானெட் மேல் டொக்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டாள். உன் அக்கா தங்கமானவள். தொழில்நுட்பத்தில்தான் ஆர்வம் கிடையாது.

மூன்றாவது சுற்றில் ஒன்பது எண் தோற்றுவிட்டது. பத்தாவதுக்கு என்னிடம் எண்ணே இல்லை. சீட்டில் சாய்ந்துகொண்டு, போதும், தோற்றுவிட்டோம் என்று கண்ணை மூடினேன். அப்போது என் விரல் தானாக மூன்று பொத்தானை அமுக்கியது. நான்கு, இரண்டு, ஆறு. ஆலையில் என் மேஜையிலிருந்த தொலைபேசியின் எண். எந்த லைனைப் பழுது பார்த்தாலும் சரியாகிவிட்டதா என்று பார்க்க 426-க்குத்தான் அடித்துப் பார்ப்பேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் லிஃப்ட், கால்குலேட்டர், எந்தப் பொத்தானைக் கண்டாலும் விரல் அங்கேதான் போகும். கோடுகள் அணைந்தன. விளக்கு எரிந்தது. உன் அப்பா கடைசியாகப் போட்ட கேசட் நின்ற இடத்திலிருந்து, சரணத்தின் நடுவிலிருந்து பாட ஆரம்பித்தது. டிக்கியிலிருந்து மத்தளம் எழுந்து, சீட்டின் வழியாக, என் விலா எலும்பு வழியாக உள்ளே வந்தது. ஊளை இல்லை, சண்டை இல்லை. அப்படி ஒரு சுத்தம். எதிர்வீட்டில் பல் டாக்டர் ஜன்னலைத் திறந்து, "இது பிரமாதம் சார், இத வையுங்க!" என்று கத்தினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

யோசித்துப் பார். ஆறு பொத்தானில் இருநூற்றுப் பதினாறு எண் உண்டு. அத்தனையிலும் உன் அப்பா தேர்ந்தெடுத்தது பெற்ற மகனையோ மகளையோ அல்ல, என்னை. அந்த எண்ணுக்கு வெளியிலிருந்து யார் கூப்பிட்டார்கள்? உன் அக்கா தினமும் மதியம் கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா என்று கேட்பாள்; அதைக் கணக்கில் சேர்க்காதே. உன் அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டார். நான் எடுத்து ஹலோ சொன்னதும், "யாரு, நீயா? தப்பு நம்பர்" என்று வைத்துவிட்டார். பல வருஷம் அது எனக்கு முள்ளாக இருந்தது. இப்போதுதான் தெரிகிறது, மனுஷர் என் குரலைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். கேட்டதும் வெட்கம் வந்துவிட்டது. ஒரே தடவை அடித்த எண்ணைச் சாகிற வரைக்கும் மனசில் பூட்டி வைத்திருந்தார். என் ஸ்பேனரைக்கூட ஞாபகத்துக்காகத்தான் எடுத்து சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார். 'உங்கள ஒரு பொருட்டா நெனச்சாரா' என்று கேட்டாயே, மாப்பிள்ளை, இதுதான் என் பதில். அந்தக் காரின் வாயைத் திறக்கிற சாவியே நான்தான்.

ஆகவே பிரித்து எடுக்கிற ஆளைக் கூட்டிவர வேண்டாம். நீ மட்டும் வா. பின்சீட்டில் உன்னை உட்கார வைத்து, ஒரு திருகாணிகூட வெளியே தெரியாமல் நான் செய்திருக்கும் வேலையைக் காட்டுகிறேன். பாட்டு போட்டால் பின்னால் நம்பர் பிளேட் கொஞ்சம் தாளம் போடும். அதற்கு மட்டும் ரப்பர் வாங்க வேண்டும்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல பேர் எடுத்து, வயரை வயர் என்று அலட்சியமாக நினைக்காமல் வளர வேண்டும். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், நிறைந்த ஆயுளோடு, நல்ல எர்த்தோடு வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் நம்பிக்கைக்குப் பாத்திரமான,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போடுவதற்கு முன்னால் உன் அக்காவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். அப்புறம், "இத அவனுக்கு அனுப்பாதீங்க, அவன் சிரிப்பான்" என்றாள். ஏன் என்றேன். வண்டி வாங்கிய அன்று நீ படிக்கப் போன இடத்தில் இருந்தாய், அவள்தான் அப்பாவோடு போயிருக்கிறாள். ரேடியோ எண் கேட்டிருக்கிறது. உன் அப்பாவிடம் கண்ணாடி இல்லை. "உனக்கு மறக்காத நம்பரா ஏதாவது ஒண்ணப் போடும்மா" என்று சொல்லியிருக்கிறார். "எனக்கு மறக்காத நம்பர் வேற எது இருக்கு?" என்று என்னையே கேட்கிறாள். உன் அப்பாவுக்கு அந்த எண் கடைசி வரைக்கும் மனசில் நிற்கவே இல்லையாம். பேட்டரி மாற்றும்போதெல்லாம் அவளுக்கு போன் போட்டுக் கேட்டுத்தான் அமுக்குவாராம். யாருடைய எண் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்தத் தப்பு நம்பரும் நிஜமாகவே தப்பு நம்பர்தான். ஆலை நிலத்தை அளப்பதற்காக 425-க்கு அடித்திருக்கிறார். ஸ்பேனர் மட்டும் ஏன் அங்கே இருந்தது என்று அவளுக்கும் தெரியாது.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றேன். "ரெண்டு தடவ வாயத் தொறந்தேன். ரெண்டு தடவயும் தள்ளிப் போன்னு சொன்னீங்க. அப்புறம் நீங்க ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டு அழுதுட்டு இருந்தீங்க, எப்படிச் சொல்றது?" என்றாள்.

எனவே உன் அப்பா என்னை மதித்தார் என்று மேலே எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ சொன்னதுதான் சரி. இத்தனை பக்கத்தையும் திரும்ப எழுதக் கை வரவில்லை, அதனால் அப்படியே அனுப்புகிறேன், சிரித்துக்கொள். ஆனால் ஆளை மட்டும் கூட்டி வராதே. கார் தரமாட்டேன். இருபத்தேழு வருஷம் தினமும் மதியம் என்னைக் கூப்பிட்டவள் வைத்த எண் அதில் இருக்கிறது. நான் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தேன். இப்போது முன்சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறாள், போக வேண்டும்.